மலை வண்டியும் வராத ரிப்போர்ட்டும்

மலை வண்டியை நிறுத்திவிடலாம் என்று பேச்சு வந்தபோது யாரும் மலையைப் பற்றிப் பேசவில்லை. ரிப்போர்ட்டைப் பற்றித்தான் பேசினார்கள். ரிப்போர்ட்டில் மூன்று வண்டிகளுக்கு நேராக எண்கள் இருந்தன. மலை வண்டிக்கு நேராக ஒன்றுமில்லை.

கள்ளக்குறிச்சியில் ஒரு மாட்டுத் தீவனக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். முன்னால் கடை, பின்னால் குடோன், நடுவில் கண்ணாடித் தடுப்பு போட்ட ஓர் அறை. அந்த அறையில் இரண்டு கம்ப்யூட்டர்கள் என் பொறுப்பு. ஒன்றில் வாடிக்கையாளர்களின் டேட்டாபேஸ் இருக்கிறது. யார், எந்த ஊர், போன் நம்பர் என்ன, என்றைக்கு மிஸ்டு கால் கொடுத்தார், என்றைக்கு மூட்டை போய்ச் சேர்ந்தது, எல்லாம் அதில். மற்றொன்றில் ரிப்போர்ட் சாஃப்ட்வேர். அது டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும். வருகிற பதிலைக் கட்டம் கட்டி, கலர் போட்டு, முதலாளி பார்க்கும்படி காட்டும்.

எங்களிடம் தீவனம் வாங்க கடைக்கு வர வேண்டியதில்லை. ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் போதும். கவுண்டரில் இருக்கும் அக்கா திரும்பக் கூப்பிட்டு, யாருக்கு, எத்தனை மூட்டை, தவிடா புண்ணாக்கா என்று கேட்டுப் பதிவு செய்வார். அந்தந்தப் பக்கத்துக்கு வண்டி போகும் நாளில் மூட்டை வீட்டு வாசலில் இறங்கும். ரிஷிவந்தியத்துக்கு ஒரு வண்டி, கச்சிராயபாளையத்துக்கு ஒன்று, வடக்கனந்தல் பக்கம் ஒன்று, வெள்ளிமலையைத் தாண்டி கல்வராயன் மலை ஊர்களுக்கு ஒன்று. மலை வண்டி செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் ஏறும்.

ரிப்போர்ட் சாஃப்ட்வேரைச் சென்னையில் ஒரு கம்பெனி கொடுத்தது. முதல் மாதம் முதலாளிக்கு அதைப் பார்த்துத் தீரவில்லை. ரிஷிவந்தியத்தின் பச்சைத் தூண் மற்ற எல்லாவற்றுக்கும் மேலே உயர்ந்து நின்றது. அவருடைய பார்ட்னருக்குச் சொந்த ஊர் அது. பார்ட்னர் அந்தத் தூணை போனில் படம் பிடித்துக்கொண்டு போனார். ஆனால் திரையில் மலையைத் தொட்டால் சக்கரம் சுற்றும். சுற்றிக்கொண்டே இருக்கும். பிறகு ஆங்கிலத்தில் சிவப்பாக ஒரு வரி வரும். காத்திருந்த நேரம் முடிந்தது, இணைப்பு துண்டிக்கப்பட்டது என்று அர்த்தம்.

"மலைன்னா அப்டிதாம்மா. சிக்னலே இருக்காது" என்றார் முதலாளி.

அந்த வாரம் திங்கள்கிழமை பார்ட்னர் போன் செய்தார். மலை வண்டிக்கு டீசல் ஜாஸ்தி, ரிப்போர்ட்டில் வியாபாரமே தெரியவில்லை, அந்த வண்டியை ரிஷிவந்தியத்துக்கு இரண்டாவது வண்டியாக விட்டுவிடலாம் என்றார். வெள்ளிக்கிழமை நேரில் வந்து முடிவு செய்வதாகவும் சொன்னார். முதலாளி போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"வெள்ளிக்கெழமைக்குள்ள மலை ரிப்போர்ட் வருமா, வராதா?"

"வரும் சார்" என்றேன்.

எப்படி வரும் என்று அப்போது எனக்குத் தெரியாது. ஆனால் மலை வண்டி நின்றால் என்ன ஆகும் என்று தெரியும். அங்கிருந்து ஒரு மூட்டை வாங்க கள்ளக்குறிச்சிக்குப் பஸ் ஏற வேண்டும். தீவன மூட்டையை பஸ்ஸில் ஏற்றக் கண்டக்டர் சம்மதிக்க வேண்டும். இறங்கிய இடத்திலிருந்து தலையில் தூக்க வேண்டும். கறவை மாடு வைத்திருக்கிற வீடு இரண்டு முறை அப்படிச் செய்யும். மூன்றாவது முறை மாட்டை விற்றுவிடும்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். இதைச் சொல்வதில் எனக்கு எந்தக் கூச்சமும் கிடையாது, பெருமைதான். அப்பா கரும்பு வெட்டுகிறார். அம்மா களை எடுக்க, நாற்று நட என்று கூப்பிட்ட இடத்துக்குப் போகிறாள். நான் கணக்குப் போட்டால் அது சரியா தப்பா என்று பார்த்துச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. அதனால் சின்ன வயதிலேயே ஒரு பழக்கம் வந்தது. விடையை வைத்துக்கொண்டு கணக்கைப் பின்பக்கமாகப் போட்டுப் பார்ப்பேன். இரண்டு பக்கமும் ஒன்றாக வந்தால்தான் அடுத்த கணக்கு. கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்தபோதும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஒரு வேலை ஏன் நடக்கிறது, ஏன் நடக்கவில்லை என்று தெரியாமல் என்னால் அதை விட முடியாது. கடையில் இதற்கு எனக்குத் திமிர் என்று பெயர்.

செவ்வாய்க்கிழமை காலை சென்னைக்குப் போன் போட்டேன். சாஃப்ட்வேர் கொடுத்த கம்பெனியின் ஆள் எப்போதும் மரியாதையாகப் பேசுவார்.

"மேடம், அது ஹில் ஏரியா இல்லையா, கனெக்டிவிட்டி ப்ராப்ளமா இருக்கும்."

"சார், மலையோட டேட்டா மலையில இல்லீங்க. இங்க இருக்கு. நான் கைய நீட்டுனா தொடலாம்."

அவர் கீபோர்டில் ஏதோ தட்டிப் பார்த்தார்.

"அப்போ ஒண்ணு பண்ணுங்க மேடம். மலைய ஃபில்டர் பண்ணி எடுத்துட்டு ஓட்டுங்க. மத்ததெல்லாம் ஸ்மூத்தா வரும்."

"மத்தது இப்பவே வருதுங்க. வராதது மலைதான்."

"அதான் மேடம் சொல்றேன். அத எடுத்துட்டா பிரச்சன இல்ல."

முதலாளிக்கு இந்த யோசனை பிடித்துவிட்டது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று, "அதான் சொல்றாருல்ல, செஞ்சிட்டுப் போயேன்" என்றார். செய்திருந்தால் அன்று மத்தியானமே அழகான ரிப்போர்ட் ஒன்று வந்திருக்கும். அதில் மூன்று வண்டிகள்தான் இருந்திருக்கும்.

நான் வயரிலிருந்து ஆரம்பித்தேன். இரண்டு கம்ப்யூட்டருக்கும் நடுவில் போகிற கேபிளைப் பிடுங்கி மாற்றிப் பார்த்தேன். ஒரு கம்ப்யூட்டரிலிருந்து மற்றொன்றைக் கூப்பிட்டுப் பார்த்தேன், உடனே பதில் சொன்னது. டேட்டாபேஸுக்குப் போகும் வாசல் திறந்திருக்கிறதா என்று பார்த்தேன், திறந்திருந்தது. மலை வாடிக்கையாளர்களில் ஒருவரின் பெயரை மட்டும் கேட்டேன். கண் சிமிட்டுவதற்குள் வந்தது. ஆகவே இணைப்பில் குறையில்லை. உள்ளே போக முடிகிறது. உள்ளே போய்க் கேட்ட கேள்விக்குத்தான் பதில் வரவில்லை. இரண்டுக்கும் திரையில் வருவது ஒரே சிவப்பு வரி என்பதால்தான் எல்லோரும் சிக்னல், சிக்னல் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு ஒரு காரியம் செய்தேன். எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று சாஃப்ட்வேரில் ஓர் அளவு இருக்கும். அதை ஏற்றிவிட்டேன். மெதுவாக வந்தாலும் வரட்டும் என்று மலை ரிப்போர்ட்டைத் தட்டினேன். டேட்டாபேஸ் கம்ப்யூட்டரின் விசிறி இரைய ஆரம்பித்தது. மாவு மெஷின் மாதிரி இரைந்தது. கொஞ்ச நேரத்தில் கவுண்டரிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"ஏய், இன்னாடி பண்ண? பில்லு அப்டியே நின்னுக்கினு இருக்கு."

கவுண்டரில் ஆறேழு பேர் நின்றிருந்தார்கள். ஒருவர் கன்று போட்ட மாட்டுக்குத் தாது உப்பு வாங்க வந்தவர். "கம்ப்யூட்டரு எதுக்குங்க, கையில எழுதிக் குடுத்தா நான் போயிக்கினே இருப்பேன்" என்றார். பில் போடுவதும் அதே டேட்டாபேஸில்தான். மலைக் கேள்வி அதை மொத்தமாகப் பிடித்துக்கொண்டு மற்ற யாரையும் உள்ளே விடவில்லை. நான் ரிப்போர்ட்டை நிறுத்தினேன். பில் அச்சாகி வெளியே வந்தது.

முதலாளி இந்த முறை கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் வந்தார். "கட நேரத்துல இதத் தொடாத. சொல்லிட்டேன்."

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் கடையின் ஷட்டரைப் பாதி இறக்குவார்கள். எனக்குக் கிடைத்தது அந்த நேரம்தான்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அம்மா என் முகத்தைப் பார்த்தாள். "இன்னா, கம்ப்யூட்டருக்கு ஒடம்பு சரியில்லியா?"

"கேட்டா பதில் வரமாட்டேங்குதும்மா. கொஞ்ச நேரம் பாக்குது, அப்புறம் கைய விட்டுடுது."

"எவ்ளோ நேரம் பாக்கும்?"

"முப்பது செகண்டு."

அம்மா முறத்திலிருந்து தலையைத் தூக்கினாள். "முப்பது செகண்டா? பெரியாஸ்பத்திரில சீட்டு வாங்கிக்கினு பொழுது சாயற வரிக்கும் குந்திக்கினு இருந்தேன். உங்கம்மாவக் கூட்டுக்கினு போயி அங்க வேலைக்கு வெக்கச் சொல்லு. நான் காத்துக்கினு இருப்பேன்."

அப்பா சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்தபடியே யோசித்தேன். எத்தனை நேரம் காத்திருப்பது என்பது என் கேள்வி இல்லை. இத்தனை சின்ன மலைக்கு ஏன் இத்தனை நேரம்? ரிஷிவந்தியத்தின் தூண்தான் எல்லாவற்றையும்விடப் பெரிது. அது உடனே வருகிறது. மலையில் வாடிக்கையாளர்கள் கம்மி. அது வருவதே இல்லை.

புதன்கிழமை ஷட்டர் இறங்கியதும் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்தேன். இந்த முறை ரிப்போர்ட்டைக் கேட்கவில்லை. மலையில் எத்தனை வாடிக்கையாளர்கள் என்று மட்டும் கேட்டேன். உடனே ஒரு சின்ன எண் வந்தது. எத்தனை அழைப்புகள்? வந்தது. எத்தனை மூட்டைகள் போயிருக்கின்றன? அதுவும் வந்தது. மூன்றும் தனித்தனியாகச் சின்ன எண்கள்தான். வாடிக்கையாளரையும் அழைப்பையும் சேர்த்துக் கேட்டேன். வந்த எண்ணைப் பார்த்துத் தப்பாகத் தட்டிவிட்டேனோ என்று இன்னொரு முறை தட்டினேன். அதே எண், அத்தனை பெரியது. மூன்றையும் சேர்த்துக் கேட்டபோது விசிறி இரைய ஆரம்பித்தது. அவசரமாக நிறுத்தினேன்.

எங்கோ பெருகுகிறது. எதை வைத்து மூன்றையும் சேர்க்கிறது என்று சென்னைக்காரர்கள் கொடுத்த ரிப்போர்ட்டின் உள்ளே போய்ப் பார்த்தேன். போன் நம்பரை வைத்து. இந்த நம்பரிலிருந்து இந்த வாரம் அழைப்பு வந்தது, இந்த நம்பர்காரருக்கு இந்த வாரம் மூட்டை போனது என்று பொருத்திக்கொண்டே போகிறது. மலை வாடிக்கையாளர்களின் போன் நம்பரை வரிசையாகத் திரையில் போட்டேன். ஒரே நம்பர். கீழே இறக்கினேன், அதே நம்பர். இன்னும் இறக்கினேன், வேறொரு நம்பர் வந்தது, அதுவும் திரை நிறைய. மூன்றே மூன்று நம்பர்களில் எங்கள் மலை வாடிக்கையாளர்கள் மொத்தப் பேரும் அடங்கியிருந்தார்கள்.

கவுண்டர் அக்கா மோர்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நம்பர் இல்லாதவர்களுக்கு ஏதாவது ஒரு நம்பரைப் போட்டு ஒப்பேற்றிவிட்டாரோ என்று எனக்குச் சந்தேகம். பல கடைகளில் ஒன்பதாகவே தட்டிவைப்பார்கள்.

"அக்கா, மலைக்காரங்களுக்கு நம்பர் நீங்களே போட்டீங்களா?"

"நான் ஏன் போடறேன்? அவங்க சொன்னதத்தான் போட்டேன். படிச்சிட்டன்னு என்னியே கேக்கற பாரு."

"எல்லாருக்கும் ஒரே நம்பரா இருக்கேக்கா."

"சொல்றாங்க, போடறேன். ஒரே நம்பர்னா உனுக்கு இன்னா, வேற நம்பர்னா உனுக்கு இன்னா? மூட்ட போய்ச் சேருதா இல்லியா?"

சேருகிறது. அது உண்மை. நான் என் போனிலிருந்து அந்த நம்பருக்கு அடித்தேன். ரிங் போனது, யாரும் எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர்களே கூப்பிட்டார்கள். ஒரு பெண் குரல். பின்னால் கோழிகள்.

"யாரு?"

"கள்ளக்குறிச்சி தீவனக் கம்பெனிலேருந்து பேசறேங்க்கா."

"மூட்ட நேத்தே எறங்கிடுச்சே. மறுபடி தர்றீங்களா?"

"இல்லக்கா. இந்த நம்பர் உங்களுதா?"

"எங்களுதுதான்."

"உங்க வூட்டுதா?"

"வூட்டுது இல்ல கண்ணு, ஊருது. போனு பலா மரத்துல பையில தொங்குது. அங்கதான் டவர் எடுக்கும். நாலடி தள்ளுனா செத்துப் போவும். அடிச்சா, கிட்ட யார் இருக்காங்களோ அவங்க எடுக்கறது. இன்னிக்கி நான்."

"மத்தவங்ககிட்ட போனே இல்லியாக்கா?"

"ஏன் இல்ல, வூட்டுக்கு ஒண்ணு இருக்கு. படம் பாக்க, லைட்டு அடிக்க. பேசணும்னா வெள்ளிமலைக்குப் போவணும். அதான் எங்க கேட்டாலும் மரத்து நம்பரக் குடுத்துடறது. ரேசனுக்கும் அதான், பள்ளிக்கொடத்துக்கும் அதான், உங்களுக்கும் அதான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அதைக் காட்டாமல், "குழப்பமா இருக்காதாக்கா?" என்றேன்.

"எங்களுக்கு இன்னா கொழப்பம்? யாருக்குன்னு கேப்போம், கூப்புடுவோம். போன மாசம் ஒருத்தன் பேங்குலேருந்து பேசறேன், ஓடிபி வந்திருக்கும் சொல்லுன்னான். ஏழு ஓடிபி இருக்குது, யாருது வேணும்னு கேட்டேன். வெச்சிட்டான்."

இந்த முறை சத்தமாகவே சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "செவ்வாக்கெழம வண்டி நிக்கப் போவுதுன்னு டிரைவரு சொன்னாரே, நெசமா?" என்று கேட்டார்.

"இன்னும் முடிவாவலக்கா."

"நின்னா சொல்லிடு கண்ணு. மாட்டுக்காரன் வந்து வெல கேட்டுக்கினு போயிருக்கான். வண்டி உண்டுன்னா குடுக்க மாட்டோம்."

போனை வைத்ததும் காகிதத்தை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். ஊரில் பத்துப் பேர் என்று வைத்துக்கொண்டேன். பத்துப் பேரும் தனித்தனியாக மரத்துப் போனிலிருந்து மிஸ்டு கால் கொடுக்கிறார்கள், பத்து மூட்டை போகிறது. நம்பர் ஒன்றே என்பதால் ரிப்போர்ட் என்ன செய்கிறது? ஒவ்வொரு ஆளுக்கும் பத்து அழைப்பையும் கொடுக்கிறது. ஒவ்வொரு அழைப்புக்கும் பத்து மூட்டையையும் கொடுக்கிறது. பத்து மூட்டை ஆயிரம் வரியாகிறது. எங்கள் மலை ஊர்களில் பத்துப் பேரா இருக்கிறார்கள்? வாரத்துக்கு வாரம், வருஷக்கணக்கில் அப்படிப் பெருக்கினால் எந்தக் கம்ப்யூட்டர் பதில் சொல்லும்? ஓர் ஆளுக்கு ஒரு நம்பர் என்று நினைத்து யாரோ எழுதிய ரிப்போர்ட் அது. மரத்துக்கு ஒரு நம்பர் உண்டு என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்?

எங்கள் வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை கொடுத்திருக்கிறோம். அட்டைக்கு எண் உண்டு. அந்த எண் பில்லில் ஏறும். மூட்டைகளை முதலில் அட்டை எண்படி கூட்டிக்கொண்டு, அழைப்புகளை ஊர்படி தனியே கூட்டிக்கொண்டு, அதன் பிறகு சேர்த்தால் எதுவும் பெருகாது. சென்னைக்குச் சொன்னேன். அவர், "டெம்ப்ளேட்ல கை வெச்சீங்கன்னா அப்புறம் நாங்க பொறுப்பு இல்ல மேடம்" என்றார். சரி என்று அவர்களுடைய ரிப்போர்ட்டைத் தொடாமல் விட்டு, பக்கத்தில் ஒரு பிரதி எடுத்து, அதில் நான் எழுதினேன். எழுதியதை அடித்தேன், திரும்ப எழுதினேன். கல்லூரியில் இதெல்லாம் சொல்லிக் கொடுத்தபோது உதாரணத்துக்குப் புத்தகக் கடையும் விமானமும் வரும். எந்த விமானத்திலும் பலா மரம் இருந்ததில்லை.

வியாழக்கிழமை ஷட்டர் பாதி இறங்கியதும் தட்டினேன். விசிறி இரையவில்லை. மவுஸிலிருந்து கையை எடுப்பதற்குள் மலை வந்துவிட்டது.

பழக்க தோஷத்தில் பின்பக்கமாகப் போட்டுப் பார்த்தேன். ரிப்போர்ட் சொல்கிற மூட்டைகளின் எண்ணிக்கையும், குடோனிலிருந்து மலை வண்டியில் ஏறிய மூட்டைகளின் எண்ணிக்கையும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றாக இருந்தன. கச்சிராயபாளையத்துக்கும் போட்டேன், என் ரிப்போர்ட் குடோனோடு ஒத்துப்போனது. வடக்கனந்தலும் அப்படியே. ரிஷிவந்தியத்துக்கும் அப்படியே. ஆனால் என் ரிப்போர்ட்டில் ரிஷிவந்தியம் எல்லாவற்றுக்கும் கீழே இருந்தது.

பழைய ரிப்போர்ட்டை எடுத்தேன். அதே பச்சைத் தூண், உச்சியில். அந்த எண்ணைக் குடோன் கணக்கோடு இரண்டு முறை வைத்துப் பார்த்தேன். குடோனை விட்டு வெளியே போன மூட்டைகளைவிட ரிஷிவந்தியத்தில் விற்ற மூட்டைகள் அதிகம்.

நம்பர்களை வரிசைப்படுத்தியதும் புரிந்தது. அங்கே நிலக்காரர் ஒருவர், அவரிடம் குத்தகைக்குப் பயிர் செய்கிறவர்கள் மூன்று பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு பேருக்கும் தனித்தனி அட்டை. ஆனால் நாலு பேருக்கும் நிலக்காரரின் நம்பர். அவர் எல்லோருக்கும் சேர்த்து ஒரே மிஸ்டு கால் கொடுப்பார், நாலு மூட்டை போகும். பழைய ரிப்போர்ட் ஒவ்வொருவர் பேரிலும் நாலு மூட்டையையும் எழுதி, பதினாறு என்று சொல்லும். மலையில் பெருகிப் பெருகி நின்றுபோன அதே தப்பு, ரிஷிவந்தியத்தில் கொஞ்சமாகப் பெருகியதால் நேரத்துக்குள் முடிந்து, கலர் போட்டு வெளியே வந்துவிட்டது. வந்ததால் யாரும் அதைச் சந்தேகப்படவில்லை.

முதலாளியிடம் அன்றே காட்டினேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு குடோனுக்குப் போய்வந்தார். திரும்ப வந்து, "நாளைக்கி இத அவருகிட்ட நீயே சொல்லிடு" என்றார்.

"நீங்க சொன்னா நல்லா இருக்கும் சார்."

"அவரு ஊரும்மா. நான் சொன்னா நான் சொன்னதா ஆயிடும்."

வெள்ளிக்கிழமை பார்ட்னர் வந்தார். டீ வந்தது. நான் நின்றுகொண்டே காட்டினேன். மலை வரியைப் பார்த்து, "பரவால்லியே" என்றார். மலை முதலாவது இல்லை. கச்சிராயபாளையமும் வடக்கனந்தலும் அதற்கு மேலே. கோடையில் காட்டில் புல் காய்ந்ததும் மலைக்கு மூட்டை அதிகம் ஏறும், மழை பிடித்தால் பாதியாகும், அதையும் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கண்ணை இறக்கி ரிஷிவந்தியத்துக்கு வந்தார்.

"இது தப்பா இருக்கே. போன மாசம் நாங்கதான மேல இருந்தோம்?"

"அது தப்புங்க. இதுதான் சரி."

"யாரு போட்டது இது? சென்னைக்காரங்களா?"

"நாந்தாங்க."

அவர் முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீ எந்த ஊரு?"

"வடக்கனந்தல் பக்கங்க."

"அங்க யாரு வூடு?"

அந்தக் கேள்வி எதைத் தேடுகிறது என்று எனக்குத் தெரியும். பஸ்ஸிலும் கல்யாண வீட்டிலும் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். முன்பெல்லாம் தெருப் பெயரைச் சொல்லாமல் பக்கத்தில் ஒரு கோயில் பெயரைச் சொல்லிவிடுவேன். அன்று அப்படிச் சொல்லத் தோன்றவில்லை.

"அப்பா கரும்பு வெட்டறாருங்க. அம்மா கூலிக்குப் போறாங்க. நான் கம்ப்யூட்டர் படிச்சிருக்கேன். குடோன் கணக்கு இந்தாங்க, ரெண்டையும் பக்கத்துல வெச்சிப் பாருங்க. ரிஷிவந்தியத்துக்கு நாம ஏத்துனதே இவ்ளோதான். ஏத்தாத மூட்டைய எப்பிடிங்க விக்க முடியும்?"

முதலாளி டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்ட்னர் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து, விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவிக்கொண்டு வந்தார். அவர் அவசரப்படவில்லை. கடைசி வரிக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"எங்க வூட்டு நம்பரும் இதுல இருக்குது" என்றார். "எங்க ஆளுங்க அஞ்சு பேருக்கு நான்தான் போன் போடறது."

"ஆமாங்க. பாத்தேன்."

"பாத்தும் சொல்லல."

"கேட்டாச் சொல்லலாம்னு இருந்தேங்க."

முதலாளிக்குப் புரையேறியது. பார்ட்னர் சிரிக்கவில்லை, ஆனால் கோபமும் படவில்லை. "அப்ப ரெண்டாவது வண்டின்னு நான் சொன்னது..." என்று நிறுத்தி, முதலாளியைப் பார்த்தார். "இருக்கற வண்டியே ஏன் பாதி காலியா ஊருக்கு வருதுன்னு நானும் நெனச்சேன். சரி, மலைக்கி வண்டி போவட்டும். தீபாவளி வரிக்கும் பாக்கலாம். மழக் காலத்துல காலியா ஏறுதுன்னா நிறுத்திடணும்."

"மழக் காலத்துல ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா விடலாங்க" என்றேன். "நிறுத்திட்டா கோடைல கேக்க மாடு இருக்காது."

இதை நான் சொல்லியிருக்கத் தேவையில்லை. என்னை யாரும் கேட்கவில்லை. முதலாளி என்னைப் பார்த்த பார்வையில் அது தெரிந்தது. பார்ட்னர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

"மாசா மாசம் இத யாரு எடுத்துத் தருவா?"

"நான் தரேங்க. குடோன் கணக்கோட சேத்து."

"குடு. மழைக்கி ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா. அதுக்குக் கொறையவும் கூடாது, கூடவும் கூடாது." எழுந்து போகும்போது என் ரிப்போர்ட் தாளை மட்டும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

நான் கவுண்டருக்குப் போனேன். அக்கா காதில் ஒரு போன், கையில் ஒரு போன். என்ன ஆயிற்று என்று புருவத்தால் கேட்டார்.

"மலை வண்டி போவுதுக்கா."

"போவட்டும். செவ்வாக்கெழம வர்றதுக்குள்ள என் காதுதான் போவும்."

"அக்கா, இனிமே மலைலேருந்து கூப்டாலும் ரிஷிவந்தியத்துலேருந்து கூப்டாலும் யாருக்குன்னு கேட்டு அட்ட நம்பர அழைப்புலயும் போட்டுடணும்."

அக்கா கையிலிருந்த போனை மேஜைமேல் வைத்தார். "இன்னாடி புதுசு புதுசா சொல்ற? ஒவ்வொருத்தரா அட்ட நம்பர் கேட்டுக்கினு இருந்தா வரிசைல நிக்கறவன் என்னத் திட்டுவான்."

"திட்டட்டுங்க்கா. பக்கத்துல நான் குந்திக்கறேன். திட்டு எனக்கு, நம்பர் உங்களுக்கு."

"உங்கிட்ட பேச முடியாது" என்று ஸ்டூலைக் காலால் என் பக்கம் தள்ளினார். போன் அடித்தது. அவர் எடுத்து, யாருக்கு, எத்தனை மூட்டை என்று கேட்டுவிட்டு, என்னை முறைத்துக்கொண்டே, "அட்டைய எடுத்தாங்க, நம்பர் சொல்லுங்க" என்றார். அந்தப் பக்கத்தில் யாரோ அட்டையைத் தேடிப் போனார்கள். நாங்கள் இரண்டு பேரும் காத்திருந்தோம்.